ஞாயிறு பயிற்சிக்கு வருவோர் கவனத்துக்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 10 மணிக்குத் திருவெறும்பூரில் நாம் கூடும்போது, விமானச் சக்கர, பிரேக் பாகங்களின் காந்தத்துகள் சோதனையை (பாகத்தைக் காந்தமேற்றி, துகள் ஒட்டும் இடத்தைக் கொண்டு விரிசலைக் கண்டறிவதை) எடுத்துக்கொள்கிறோம். சக்கரம் முழுவதையும் இப்படிச் சோதிக்கலாமா என்று சென்ற வகுப்பில் எழுந்த குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன்: சக்கரத்தின் இரு பாதிகளும் பெரும்பாலும் காந்தமேறாத அலுமினியக் கலவையால் ஆனவை என்பதால் அவற்றில் இந்தச் சோதனை செல்லாது, சுழல்மின்னோட்டச் சோதனையும் ஊடுருவு திரவச் சோதனையுமே அவற்றுக்கு உரியவை. நாம் பார்க்கப்போவது அப்பாதிகளை இணைக்கும் எஃகு போல்ட்டுகளை. மரையின் அடியிலும், தலையும் தண்டும் சேரும் வளைவிலும் அவற்றில் விரிசல் பிறக்கக்கூடும்.

காந்தப்புலத்துக்குக் குறுக்கே கிடக்கும் விரிசல்தான் துகளை நன்றாக ஈர்த்துக் காட்டும். ஆகவே ஒவ்வொரு போல்ட்டையும் நீளவாக்கிலும் வட்டவாக்கிலும் தனித்தனியே காந்தமேற்ற வேண்டும். கொதிகலன் பற்றவைப்புகளில் யோக் எனும் கையடக்க மின்காந்தமும் கறுப்புத் தூளுமாகப் பழகிய நம்மில் பலருக்கு, ஒளிரும் துகள் கலந்த எண்ணெயும் இருட்டறையும் புதிதாகத் தோன்றலாம். 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு, பாகத்தின் மேல் சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 1000 மைக்ரோவாட் தர வேண்டும். அந்த ஒளியில் தானே கறுத்துவிடும் என்பதால், வெயிலுக்கு நிறம் மாறும் மூக்குக்கண்ணாடியைத் தயவுசெய்து தவிர்க்கவும். எஞ்சிய காந்தம் 3 காஸுக்குள் (காஸ் என்பது காந்தப்புல அலகு) இறங்கியதை மீட்டரில் பார்த்துக் குறித்த பின்பே அடுத்த போல்ட்டை எடுப்போம்.

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கமிருந்து பாசஞ்சர் ரயிலில் வருவோர் திருவெறும்பூர் நிலையத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.