துண்டு

அன்புள்ள மகனுக்கு,

ஊறுகாய்க்கு முள்ளங்கியைப் புகையில் தொங்கவிட்டாச்சு. உனக்கு நாலைந்து அனுப்பச் சொல்கிறாள் அம்மா. இனிமேல்தான் தவிட்டில் ஊறப்போட வேண்டும் என்றால் கேட்கமாட்டேன் என்கிறாள். அகிதாவில் முதல் பனியும் விழுந்துவிட்டது. கூரைப் பனியை நானே தள்ளிக்கொள்வேன், அதற்காக நீ லீவு போடாதே.

சாப்பிடுகிறாயா? எடை குறைக்கிறேன் என்று தண்ணீரை நிறுத்தாதே. போன ஞாயிறு போனில், முள்ளங்கி தொங்கவிட்டாச்சா என்று கேட்டாய். ஆச்சு என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி கேட்டாய். அசதியாக இருக்கும். தூங்கு.

மீன்கடைக்காரர் உன் போஸ்டரை இன்னும் எடுக்கவில்லை. "சகுராபாவுக்கு அப்புறம் நம்ம அகிதாப் பையன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். குத்தும் மல்லுக்கட்டும் கலந்த சண்டையில் பேர்போன அகிதாக்காரர் சகுராபா; அவர் பேரோடு உன் பேரைச் சொன்னால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ அடுத்த சண்டைக்குக் கையெழுத்துப் போட்டதை அவர் சொல்லித்தானா நான் தெரிந்துகொள்ள வேண்டும்?

2000 மே 1, டோக்கியோ டோம். உனக்கு எட்டு வயது. ஒரே மாதிரி முகமூடி போட்டு மூன்று பேர் வந்தார்கள், எது சகுராபா என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். பிரேசில்காரர் ராய்ஸ் கிரேசியோடு 15 நிமிடச் சுற்றுகள் ஆறு. 90 நிமிடம் ஆனதும், தோற்றோம், சண்டையை நிறுத்துங்கள் என்று ராய்ஸ் தரப்பில் துண்டை வீசினார்கள். "துண்டு வீசுகிறவனெல்லாம் மனுஷனா!" என்று நான் எழுந்து கத்தினேன். கூடவே நீயும் கத்தினாய். அதே ராத்திரி சகுராபா மறுபடி மேடையேறினார், தன்னைவிடக் கனமான இகோர் வோவ்சான்சினோடு. 15 நிமிடம் தாங்கினார். இந்தத் தடவை துண்டு வீசியது அவருடைய ஆட்களே. நீ என் முகத்தைப் பார்த்தாய். தூங்க நேரமாச்சு, கிளம்பு என்றேன்.

வாண்டர்லே சில்வாவிடம் மூன்று முறை தோற்றும் சகுராபா விடவில்லையே என்பாய். 2017இல் அமெரிக்காவின் யுஎஃப்சி சண்டை அமைப்பு அவரைத் தன் புகழ் மண்டபத்தில் சேர்த்ததே என்பாய். சரி. 2015 டிசம்பரில், 46 வயதில், சைதாமாவில் ஷின்யா அவோகிக்கு அடியில் கிடந்தாரே, அதையும் சொல். குத்து விழுந்துகொண்டே இருந்தது, அவர் தோல்வியை ஒத்துக்கொள்ளவில்லை. துண்டு வந்து விழுந்த பிறகுதான் நின்றது.

தண்ணீரை நிறுத்தாதே.

போன சண்டையில், இரண்டாவது சுற்றில், உன் பயிற்சியாளர் திரும்பி என்னைப் பார்த்தார். துண்டு அவர் தோளில் கிடந்தது. வேண்டாம் என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு நீ எத்தனை குத்து வாங்கினாய் என்று எனக்குத் தெரியும், எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை கோமாச்சி ரயிலில் வருகிறேன். டிக்கெட் எடுத்தாச்சு, வராதே என்று சொல்லாதே. தலையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும், நானும் கூட வருகிறேன். முள்ளங்கி இரண்டு கொண்டுவருகிறேன், ஊறாவிட்டாலும்.

அப்பா