கண்ணைக் குறை சொல்லும் முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்தி சுவரைப் பிடிக்காமல் நாலு அடி நடந்தாள் என்று எழுதியிருந்ததை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் நலம். எனக்கு முழங்கால் வலி பரவாயில்லை, காலையில் அரை மணி நேரம் நடக்கிறேன்.

ஆனால் உன் கடிதத்தின் கடைசியில், "இருட்டினால் இப்போதெல்லாம் கார் எடுப்பதில்லை, கண் முன்போல இல்லை" என்று ஒரு வரி. அது மனதை விட்டுப் போகவே இல்லை. ஏனென்றால் போன மாதம் வரை நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வயதாகிவிட்டது, இனி ராத்திரிப் பயணம் வேண்டாம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன்.

ஒருநாள் திரும்பிவர நேரமாகிவிட்டது. தெருவிளக்கு இல்லாத சாலை. எதிரே வந்த வேன் நடுக்கோட்டைத் தாண்டி என் பக்கம் ஒட்டியே வந்தது. கடைசி நொடியில் ஒதுங்கியது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது, கதவைத் திறக்க வந்த மகள், "அப்பா, ஒரு லைட்தான் எரியுது" என்றாள். அப்போதுதான் புரிந்தது. அந்த வேன்காரர் என்னை ஒரு பைக் என்று நினைத்திருக்கிறார். எரியாமல் போனது அவர் பக்கத்து விளக்கு. கார் அங்கே முடிகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலையில் நானே மாற்றினேன். பட்டுப்போன பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே இழை அறுந்து தொங்குகிறது. அது எதிர்பார்த்ததுதான். எரிந்துகொண்டிருந்த இன்னொரு பல்பையும் கழற்றிப் பார்த்தபோதுதான் திகைத்தேன். அதன் கண்ணாடியில் கரிபடிந்த மாதிரி சாம்பல் நிறம். வயரைப் பல்போடு இணைக்கும் கனெக்டர் முனைகளில் பச்சைப் பூஞ்சை போலக் களிம்பு. பல்புக்குப் போய்ச் சேரும் வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். ஒரே நாளில் குறைந்தால் கண்டுபிடித்துவிடுவோம். மாதம் மாதமாக மங்கினால் கண் அதற்குப் பழகிக்கொள்கிறது, நாமும் கண்ணையே குறை சொல்கிறோம்.

அதனால் நீ முதலில் ஒன்று செய். பானட்டைத் திறப்பதற்கு முன் சாயங்காலம் காரை ஒரு சுவரைப் பார்த்து நிறுத்தி, டிம், பிரைட் இரண்டையும் போட்டுப் பார். இரண்டு பக்கமும் ஒரே அளவா, ஒரே நிறமா என்று தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் அணைந்து போயிருந்தால் மட்டும் பல்பைத் தேடாதே, ஃபியூஸையும், விளக்குக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயையும் பார்.

உன் வண்டியும் என்னுடையதைப் போலப் பழையதுதானே, அநேகமாக டிம், பிரைட் இரண்டும் ஒன்றிலேயே இருக்கும் எச்4 வகைப் பல்பாகத்தான் இருக்கும். பல்பின் உலோக அடியிலேயே எழுதியிருக்கும், வண்டியோடு வந்த புத்தகத்திலும் இருக்கும். டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட். இதைவிட அதிக வாட் போட்டால் பளிச்சென்று இருக்கும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். வேண்டாம். அந்தச் சூட்டைத் தாங்கும்படி உன் வண்டியின் வயர் போடப்படவில்லை. உருகிக் கறுத்துப்போன கனெக்டரை நான் பார்த்திருக்கிறேன்.

வேலை என்னவோ சுலபம்தான். சாவியை எடுத்துவிட்டு, விளக்கு நன்றாக ஆறும் வரை பொறு. ஹெட்லைட்டின் பின்பக்கம் மூன்று முனை கனெக்டர் இருக்கும். வயரைப் பிடித்து இழுக்காதே, கனெக்டரையே பிடித்து மெல்ல ஆட்டி ஆட்டி நேராக எடு. அப்புறம் ரப்பர் கவர். அதற்கும் உள்ளே பல்பைப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப். அதை அழுத்தி ஒதுக்கினால் பல்பு கைக்கு வந்துவிடும். எடுக்கும் முன் அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள். பேட்டரி பக்கம் கை நுழையாது, கண்ணுக்கும் எட்டாது. நான் ஃபோன் கேமராவைப் பார்த்துப் பார்த்துத்தான் கிளிப்பை மாட்டினேன்.

புதுப் பல்பின் கண்ணாடியில் விரல் படவே கூடாது. அது சாதாரணக் கண்ணாடி இல்லை, குவார்ட்ஸ். எரியும்போது சில நூறு டிகிரி சூடாகும். அந்தச் சூட்டில்தான் இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன், உள்ளே இருக்கும் அயோடின் அல்லது புரோமினோடு சேர்ந்து மறுபடி இழைக்கே திரும்புகிறது. நம் விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி, கண்ணாடி அங்கேயே பலவீனமாகும். தப்பித் தவறிப் பட்டுவிட்டால், ஸ்பிரிட் தொட்ட சுத்தமான துணியால் துடைத்துவிட்டுப் போடு.

போடுவதற்கு முன், உலோக அடியைப் பிடித்தபடி ஒரு நிமிடம் உள்ளே உற்றுப் பார். இரண்டு சுருள் இழைகள் தெரியும். முன்னால் இருக்கும் இழைக்கு அடியில் மட்டும் நகம் அளவுக்கு ஒரு குட்டித் தகட்டுக் கிண்ணம். டிம் போட்டால் எரிவது அந்த இழைதான். அதன் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாதபடி அந்தக் கிண்ணம் மறைக்கிறது. மேல்பாதியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மட்டும் சாலையில் விழுகிறது, எதிரே வருபவரின் கண்ணில் பாய்வதில்லை. எத்தனை அழகான யோசனை! இத்தனை வருடம் வண்டி ஓட்டியும் போன மாதம்தான் அதைப் பார்த்தேன்.

எல்இடி போடலாமா என்று கேட்டிருந்தாயே, அதற்கும் என் பதில் அந்தக் கிண்ணத்தில்தான் இருக்கிறது. இந்த ரிஃப்ளெக்டர் அந்த மெல்லிய இழை இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுச் செய்தது. எல்இடியின் வெளிச்சம் அதே இடத்திலிருந்து அதே மாதிரி கிளம்பாவிட்டால் கண்டபடி சிதறும். உனக்குப் பக்கத்துச் சாலை வெள்ளையாகத் தெரியும், எதிரே பைக்கில் வருபவருக்கு ஒன்றுமே தெரியாது. எல்இடிக்கென்றே செய்த ஹெட்லைட்டோடு வரும் வண்டி வேறு விஷயம். உன் வண்டிக்கு வேண்டாம்.

மாட்டும்போது பல்பின் உலோக அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று காதுகளில் அகலமானது மேலே வர வேண்டும். சரியாக உட்கார்ந்தால் ஆடாது. ரப்பர் கவரைச் சுற்றிலும் விரலால் அழுத்தி விடு. ஓரிடத்தில் தூக்கிக்கொண்டிருந்தாலும் ஈரம் உள்ளே போய் விளக்கு முழுக்கப் பனி பூத்துவிடும். இரண்டு பக்கமும் ஒன்றாகவே மாற்று. கூடவே ஹெட்லைட்டின் முன்மூடியையும் பார். என் வண்டியில் மஞ்சளித்துப் போயிருந்ததைப் பாலிஷ் போட்டேன். அதிலும் கொஞ்சம் வெளிச்சம் கூடியது. கடைசியில் மறுபடி சுவரில் அடித்துப் பார். ஒரு பக்கம் மேலே தூக்கியிருந்தால் பல்பு சரியாக உட்காராமல் இருக்கலாம்.

இதையெல்லாம் செய்த பிறகும் மங்கலாகத் தெரிந்தாலோ, எதிர்வண்டி விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிந்தாலோ, தள்ளிப்போடாமல் கண் மருத்துவரைப் பார். புரை விழத் தொடங்கியிருக்கலாம், அதற்கு இப்போது நல்ல சிகிச்சை இருக்கிறது. நானும் காட்டிவிட்டு வந்தேன். கண்ணாடி பவர் கொஞ்சம் மாற்றினார்கள், மற்றபடி ஒன்றுமில்லை என்றார்கள்.

நேற்று ராத்திரி அதே சாலையில் போய்விட்டு வந்தேன். ஓரத்து வெள்ளைக்கோடு தூரம் வரை தெரிந்தது. உன் வண்டிப் பல்பின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எழுது. எச்4 இல்லை என்றால் மாட்டும் முறை கொஞ்சம் மாறும், அதற்குத் தகுந்தபடி சொல்கிறேன். பேத்திக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்