பீரோவைத் திறந்து விடுங்கள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறவன் நான். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பள்ளியில் இருக்கும் கதைப் புத்தகங்களைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போக விடுங்கள்.

புத்தகமே இல்லை என்று இப்போது சொல்ல முடியாது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வழியாக நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் மெல்லிய, படம் போட்ட கதைகள் வந்திருக்கின்றன. ஆனால் பல பள்ளிகளில் இருப்புப் பதிவேட்டில் எண் ஏறியதும் அவை பீரோவுக்குள் போய்விடுகின்றன. நூலகப் பாடவேளை கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறது.

கதை படிப்பதால் கணக்கு கெட்டுவிடாது. பிரிட்டனில் 1970இல் ஒரே வாரத்தில் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஓர் ஆய்வு இருக்கிறது. அதன் தரவுகளை லண்டன் ஆய்வாளர்கள் 2013இல் அலசினார்கள். 10 வயதிலும் 16 வயதிலும் ஆசைக்காக வாசித்த பிள்ளைகள் சொல்வளத்தில் மட்டுமல்ல, கணக்கிலும் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். பெற்றோரின் படிப்பையும் வசதியையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அப்படித்தான்.

நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். வீட்டில் பேசும் தமிழ் வேறு, எழுத்துத் தமிழ் வேறு. எழுத்துத் தமிழைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்க்கிற பிள்ளைக்கு அது பரீட்சை மொழியாகவே நின்றுவிடும். கதைகளில் அப்படியில்லை. ஒரு கதையில் எறும்பு தண்ணீரில் தத்தளிக்கும், இன்னொன்றில் புயலில் படகு தத்தளிக்கும். யாரும் அர்த்தம் சொல்லாமலே அந்தச் சொல் பிடிபட்டுவிடும். எங்கள் நூலகத்துக்கு வரும் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி, வாளித் தண்ணீரில் விழுந்த பல்லியைக் காட்டி, "சார், தத்தளிக்குது பாருங்க!" என்று கத்தினாள். பேச்சோடு பேச்சாக அந்தச் சொல் அவளுக்கு வந்துவிட்டது. எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

அப்புறம், படித்து முடித்ததும் "சுருக்கம் எழுது, நீதி என்ன?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைக்கட்டும். பிடித்ததைத் திரும்பத் திரும்ப எடுக்கட்டும். அடுத்தது வேண்டும் என்று அவர்களே வந்து நிற்பதுதான் நமக்கு வேண்டும்.

புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் ஆசிரியர் தலையில்தானே விழும் என்பீர்கள். நியாயமான பயம். இதைத் தீர்க்க வேண்டியது பள்ளிக் கல்வித் துறை. பிள்ளைகள் கையில் கிழிந்ததற்கும் தொலைந்ததற்கும் ஆசிரியரிடம் பணம் பிடிக்கக் கூடாது, பதிவேட்டில் கழித்துக்கொள்ளலாம் என்று தெளிவாக ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும். அதை நீங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும், எங்களைப் போன்றவர்களும் கூட நிற்போம். அது வரும்வரை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆளுக்கொரு புத்தகம் கொடுங்கள். திங்கட்கிழமை திரும்ப வாங்கி வைக்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே போதும்.

நன்றியுடன்,
ஒரு நூலகத் தன்னார்வலர்