கிரேயான் பிடிக்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. சுவாமிமலையில் எல்லோரும் நலம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நடவுக்கு ஆள்தான் கிடைக்கவில்லை.

விபத்துக்குப் பிறகு ஹாரன் சத்தம் கேட்டாலே உனக்கு வியர்த்துக் கொட்டுகிறது என்றும், டாக்டர் ஓவிய சிகிச்சைக்குப் போகச் சொன்னார் என்றும் அம்மா சொன்னாள். “இந்த வயதில் கிரேயான் பிடிக்கவா?” என்று சிரித்தாயாம். ஓவிய வாத்தியார் மகள் கேட்கிற கேள்வியா இது!

அது நான் நடத்திய டிராயிங் வகுப்பு இல்லை. என் வகுப்பில் பானை கோணலாக இருந்தால் ரப்பரை எடுக்கச் சொல்வேன். அங்கே கோணல் பானை கோணலாகவே இருக்கும். அதைப் பற்றிப் பேசத் தோன்றினால் பேசலாம், இல்லாவிட்டால் வேண்டாம். பெரிய அதிர்ச்சிக்கு ஆளானவர்கள் பலருக்கு நடந்ததைக் கோவையாகச் சொல்ல வருவதில்லை. காட்சி, சத்தம், பெட்ரோல் வாடை என்று துண்டு துண்டாகத் தங்கிவிடுகிறது. வாய்க்கு வராததைக் கோடாகவோ நிறமாகவோ தாளில் இறக்கிவைக்கலாம். பிடிக்கவில்லையா, கிழித்துப் போடலாம்.

இது நேற்று முளைத்த சங்கதியும் இல்லை. காசநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் படுக்கையில் இருந்தபடியே வரைந்து தேறினார், மற்ற நோயாளிகளையும் வரையவைத்தார். ஓவிய சிகிச்சை என்ற பெயரை 1942இல் வைத்தவரே அவர்தான். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேரை 45 நிமிடம் களிமண்ணோடும் ஸ்கெட்ச் பேனாவோடும் விட்டுப் பார்த்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு எச்சிலில் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் குறைந்திருந்தது. வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் இல்லை. சின்ன ஆய்வுதான், அவர்கள் உன்னைப் போல அடிபட்டவர்களும் இல்லை. மீதிக் கால்வாசிப் பேரையும் மறந்துவிடக் கூடாது.

களிமண் கொடுத்தால் மட்டும் மறுக்காதே. நம் தெரு ஸ்தபதி உலோகச் சிலை வார்க்க மெழுகுச் சிலைமேல் காவிரி வண்டலைப் பூசுவதைச் சிறு வயதில் வாய் பிளந்து பார்ப்பாயே! முதல் பூச்சு மிக மெல்லியது. மூக்கு நுனி, விரல் இடுக்கு, ஆபரணத்தின் நெளிவு என்று எல்லா இடத்திலும் மண் இறங்க வேண்டும். அப்போது அவரை யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. உன் கைக்கும் அப்படி ஒரு வேலை கிடைத்தால், சற்று நேரமாவது மனம் அந்தச் சாலைக்குத் திரும்பாமல் இருக்கும்.

முதல் நாளே விபத்தை வரையச் சொன்னால், “இப்போது வேண்டாம்” என்று தயங்காமல் சொல். விவரம் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்கவும் மாட்டார்கள். மனம் சற்று நிலைகொள்ளட்டும் என்று காத்திருப்பார்கள். மாத்திரையை நீயாக நிறுத்தாதே, டாக்டரிடம் பேசுவதையும் விடாதே. ஓவியம் அவற்றுக்குத் துணை, மாற்று இல்லை. நடுராத்திரியில் நெஞ்சு படபடத்தால் எங்களைக் கூப்பிடு. எங்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416, அரசின் மனநல உதவி எண், டெலிமானஸ் என்று பெயர். எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம், காசு கிடையாது.

படங்களை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. மூக்கு சரியில்லை என்று எழுதிவிடுவேன். அம்மாவுக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா