செண்பகராமன் வந்த கப்பல்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இன்று செப்டம்பர் 22. இந்தத் தேதியில் நான் எழுதுகிறேன் என்றாலே எதைப் பற்றி என்று உங்களுக்குப் புரிந்துவிடும். ஆகவே 1914ஆம் ஆண்டு இதே நாள் இரவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தைப் பீரங்கியால் சுட்டதையும் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததையும் நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. அவற்றை எனக்குச் சொல்லித் தந்தவரே நீங்கள்தான். நீங்கள் தொடங்கி வைத்த எம்டன் மாதிரிக் கப்பல் முடிந்துவிட்டது என்பதை மட்டும் முதலில் தெரிவித்துவிடுகிறேன். வண்ணம் காய்ந்து, கொடிமரக் கயிறுகளைக் கட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. அதன் மேல்தளத்தில் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை இல்லை.

இதைத் தொலைபேசியில் சொல்லவே நினைத்தேன். அத்தை எடுத்தார்கள், நீங்கள் தூங்குவதாகச் சொன்னார்கள். மாலை ஆறு மணிக்கு நீங்கள் தூங்குகிறவர் இல்லை என்பது அத்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் எழுதுவதை உங்கள் பேரன் உங்களுக்குப் படித்துக் காட்டுகிறான் என்று அம்மா சொன்னதால் இங்கே எழுதுகிறேன். அவனும் படிப்பான், சொந்தபந்தங்களில் பலரும் படிப்பார்கள், முன்பின் அறியாதவர்களும் படிப்பார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அதனால் அன்றைக்கு நீங்கள் என்னைச் சொன்ன அந்தச் சொல் இதில் வராது.

நீங்கள் என்னிடம் தந்தபோது உடற்பகுதியின் இரண்டு பாதிகளும் ஒட்டியிருந்தன. அதற்கு மேல் எதுவும் இல்லை. ஒட்டிய கோட்டில் புட்டி வைத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, விரல் நகத்துக்குக்கூடத் தட்டாத அளவுக்கு அந்தக் கோட்டைக் கரைத்தேன். பத்துப் பீரங்கிகளுக்கும் குழல்வாய் துளைத்தேன். அசலில் 10.5 செ.மீ. வாய் என்றால் 350இல் ஒரு பங்கு அளவில் 0.3 மி.மீ. வரும் என்று நீங்கள் முதல் நாளே தாளில் கணக்குப் போட்டு வைத்திருந்தீர்கள். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவ்வளவு மெல்லிய துரப்பண முனை தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் பொற்கொல்லர்களுக்குக் கருவி விற்கும் கடையில் கிடைத்தது. கையாலேயே உருட்டி உருட்டித் துளைத்தேன்.

சித்திரை வெயிலில் வண்ணம் தெளித்தால் துளி கப்பலில் போய் விழுவதற்குள்ளேயே காய்ந்து மணல் மணலாக ஒட்டிக்கொள்கிறது என்பதால், பொழுது விடிவதற்கு முன் எழுந்து மொட்டை மாடி அறையில் வேலை செய்தேன். வண்ணத்தின் தடிப்புகூடக் கணக்கில் வரும் என்பீர்களே, பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடித்தால் அசல் கப்பலில் அது மூன்றரை சென்டிமீட்டர் என்று, அதை மறக்கவில்லை. எம்டனுக்குக் கிழக்கின் அன்னம் என்று பெயர் வாங்கித் தந்த வெள்ளை நிறம் அமைதிக் காலத்துக்கு உரியது. நம் கப்பலுக்குப் போர்க்காலச் சாம்பல் நிறம்தான். அழுக்கு விஷயத்தில் மட்டும் எனக்குள் நெடுநாள் வாதம் நடந்தது. எந்தக் கப்பலைச் செய்தாலும் துருவை அள்ளிப் பூசிவிடும் இன்றைய வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் எம்டன் இந்தியப் பெருங்கடல் தீவான டீகோ கார்சியாவில் நின்று அடிப்பகுதியைச் சுரண்டிச் சுத்தம் செய்தது அக்டோபரில்தான். செப்டம்பர் 22ஆம் தேதிக் கப்பல் துறைமுகம் காணாமல் வாரக்கணக்கில் ஓடிய கப்பல். நடுக்கடலில் பிற கப்பல்களிலிருந்து நிலக்கரி ஏற்றிய கப்பல். ஆகவே நீர்மட்டக் கோட்டில் பாசியும், தளத்தின் ஓரங்களில் கரித்தூளும் கொஞ்சம் காட்டியிருக்கிறேன். நீங்கள் பார்த்தால் ஒப்புக்கொள்வீர்கள் என்றே நம்புகிறேன்.

கயிறு கட்டும்போதுதான் அந்த மாலை நினைவுக்கு வந்து, வேலை ஓடாமல் கையை எடுத்துவிட்டேன்.

ஹார்விபட்டி வீட்டில் மின்சாரம் போயிருந்தது. மெழுகுவர்த்தியைத் தாம்பாளத்தில் நட்டு வைத்து, இதற்கு விளக்கைவிட இதுதான் தோது என்றீர்கள். உதிரிகள் கோத்து வரும் ஸ்ப்ரூ குச்சியில் ஒரு சாண் நறுக்கி, சுடருக்குள் விடாமல் சுடருக்கு மேலே பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல உருட்டினீர்கள். பிளாஸ்டிக் முதலில் பளபளத்தது. பிறகு நடுவில் தொய்ந்தது. உடனே இழுக்கவில்லை. சுடரை விட்டு விலக்கி, ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்து, இரண்டு கைகளையும் ஒரே வேகத்தில் அகட்டினீர்கள். இடையில் ஓர் இழை வந்து நின்றது. அதை மைக்ரோமீட்டரில் வைத்து, ராட்செட்டை மூன்று முறை சொடுக்கிவிட்டு என்னிடம் நீட்டினீர்கள். 0.07 மி.மீ. "முந்நூத்தம்பதால பெருக்கு" என்றீர்கள். நான் பெருக்கி, கிட்டத்தட்ட ஓர் அங்குலம் வருகிறது என்றேன். "கொடிமரத்தத் தாங்குற கயித்துக்குச் சரி. ஏரியலுக்கு இது தடிமன்" என்று சொல்லி, அடுத்த குச்சியை எடுத்தீர்கள். தலைமுடி கனமே தடிமன் என்று ஒதுக்கிய மனிதரை அப்போதுதான் நான் முதன்முறையாகப் பார்க்கிறேன். மில்லில் டூல் ரூமில் உங்களைக் கண்டு எல்லாரும் ஏன் பயந்தார்கள் என்பதும் அன்று புரிந்தது. அந்த மாலையில் உங்களைப் போல ஆக வேண்டும் என்று நினைத்தேன் மாமா. இன்றும் வேறு யாரைப் போலவும் ஆக நான் நினைத்ததில்லை.

அதே மாலையில்தான் திருநீற்றுச் சம்புடத்தைத் திறந்து காட்டினீர்கள். உள்ளே பஞ்சின்மேல் ஒரு மனிதர். ஸ்ப்ரூவில் செதுக்கியது, உயரம் சரியாக 5 மி.மீ., ரவையளவு தலை, கறுப்புக் கோட்டு, ஒரு கை கரையை நோக்கி நீண்டிருந்தது. உங்களுக்கு அறுபது வயதைத் தாண்டியிருந்தது. கண்ணில் கண்ணாடி, அதன் மேல் உருப்பெருக்கி. எத்தனை இரவு உட்கார்ந்தீர்களோ! நான் முதலில் அந்த வேலைப்பாட்டைத்தான் வியந்தேன். அதை நீங்கள் மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை. அதன் பிறகுதான், "அவர் அந்தக் கப்பலில் இல்லையே மாமா" என்றேன்.

நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. தாத்தா உங்களுக்குச் சொன்னது, அவருக்கு யாரோ சொன்னது. நம் ஆள் ஒருவர் அந்தத் தளத்தில் நின்று, கோட்டையைக் காட்டி, அங்கே சுடு என்று சொன்னார் என்பதைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். தமிழ்நாட்டில் அதைக் கேட்காமல் வளர்ந்தவர் யார்? ஆனால் எம்டன் சீனாவில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்டாவ் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது 1914 ஜூலை 31. அதன் பிறகு அது ஜெர்மனிப் பக்கம் போகவே இல்லை. நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுப் பவளப்பாறையில் ஏறி அழிந்தது. செண்பகராமனோ அந்தச் செப்டம்பரில் சூரிச் நகரத்தில் இந்திய விடுதலைக்கான குழுவுக்குத் தலைவராக இருந்தார். அங்கிருந்து பெர்லின் போனார். இந்த இரண்டையும் எந்த வழியில் இணைப்பது? "சீனாக்கார சலவையாளு அந்தக் கப்பல்ல இருந்தான்னு நீதானடா படிச்சுக் காட்டுன, அவன் இருக்கலாம், நம்ம ஆளு இருக்கக் கூடாதா" என்று கேட்டீர்கள். இருந்திருந்தால் நானே முதலில் நிறுத்தியிருப்பேன் மாமா. சலவையாளர்கள் சிங்டாவிலிருந்தே கூட வந்தவர்கள்.

அடுத்து நீங்கள் கேட்ட கேள்விக்குத்தான் அன்று என்னிடம் பதில் இல்லை. துணியும் மரமும் கொண்டு பொய்யாக நான்காவது புகைபோக்கி வைத்து, ஆங்கிலேயக் கப்பல் போல வேடம் போட்ட கப்பல் இது. இதில் போய் மெய் பொய் பார்க்கிறாயே என்றீர்கள். இப்போது சொல்கிறேன். அந்தப் புகைபோக்கி வேடம்தான். ஆனால் அந்த வேடம் உண்மையிலேயே போடப்பட்டது. அக்டோபர் 28ஆம் தேதி பினாங்கில் நுழைந்த எம்டனைச் செய்கிறவர் நான்காவதை வைத்தே ஆக வேண்டும். வைக்காவிட்டால் அதுதான் தவறு. செண்பகராமனுக்கு அப்படி ஒரு நாள்கூட இல்லை.

உங்கள் மனம் புண்பட்டதற்கு வருந்துகிறேன். அத்தை காபித் தம்ளரோடு நிலைப்படியில் நிற்கும்போது, அதுவும் சின்னப் பையன் முன்னால், நான் தேதிகளை அடுக்கிக்கொண்டே போனது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் தேதிகளை நான் எங்கிருந்து கற்றேன்? ஆயிரத்தில் ஒரு பங்கு கூடிவிட்டது என்று ஒரு ஷாஃப்டைத் திருப்பி அனுப்பியவர், அளவு என்றால் அளவுதான் என்று என் தலையில் குட்டிச் சொன்னவர், ஏரியல் இழை தடித்துவிட்டது என்று இன்னொரு குச்சியைக் கையில் எடுத்தவர், ஏறாத மனிதரை ஏற்று என்றால் நான் எந்த மாமாவுக்குக் கீழ்ப்படிவது? பெட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்து "எடுத்துட்டுப் போயிரு" என்றீர்கள். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திருப்பரங்குன்றம் தாண்டும் வரை பேருந்தில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு தங்கச்சி கல்யாணத்தில் தாய்மாமன் சீரைக் குறைவில்லாமல் செய்துவிட்டு, பந்தியில் உட்காராமலே போனீர்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் அம்மா வருத்தப்படுவார், எழுதவில்லை. ஐந்து மில்லிமீட்டர் மனிதருக்காக ஒரு வீட்டின் இலையை ஒதுக்கலாமா என்று அன்று இரவு முழுக்க எனக்குக் கோபம் இருந்தது. முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

இனி நான் எடுத்திருக்கும் முடிவைச் சொல்கிறேன்; இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

செண்பகராமன் 1934இல் பெர்லினில் இறந்தார். அவருடைய அஸ்தியை அவர் மனைவி காத்து வைத்திருந்தார். 1966இல் அது தாயகம் வந்தபோது கொண்டுவந்தது நம் கடற்படையின் போர்க்கப்பல், ஐ.என்.எஸ். டெல்லி. நீங்கள் தேடிய கப்பல் அதுதான் மாமா. அந்த மனிதர் வந்த போர்க்கப்பல் ஒன்று மெய்யாகவே இருக்கிறது. அதுவும் சாதாரணக் கப்பல் இல்லை. அக்கிலீஸ் என்ற பெயரில் பிரிட்டிஷ் கடற்படையின் நியூசிலாந்துப் பிரிவில் இருந்து, 1939 டிசம்பர் 13ஆம் தேதி தென்னமெரிக்கக் கரையோரம் கிராஃப் ஸ்பே என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலோடு மோதிய கப்பல்; 1948இல் நமக்கு வந்தது; 1961இல் கோவா, டையூ விடுதலை நடவடிக்கையில் பங்கெடுத்தது. அந்த மோதலில் அதனோடு இருந்த அஜாக்ஸ் இதே லியாண்டர் வகை. மாதிரிக் கப்பல் பெட்டிகள் தயாரிக்கும் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் அஜாக்ஸை 600இல் ஒரு பங்கு அளவில் போட்டிருக்கிறது. அந்தப் பெட்டி என் மேசைமேல் இருக்கிறது.

செய்ய வேண்டிய மாற்றங்கள் நிறைய. பெட்டியில் வரும் சிறு கடல் விமானத்தையும் அதை ஏவும் சட்டத்தையும் எடுத்துவிட வேண்டும். பின்புறம் உயரத்தில் இருக்கும் பீரங்கி மேடை 1943இல் குண்டடி பட்டு, பிறகு பழுதுபார்த்தபோது நீக்கப்பட்டது. ஆகவே எட்டுப் பீரங்கிகளில் இரண்டு போய் ஆறுதான் நிற்க வேண்டும். அந்த இடத்தில் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளைப் புதிதாகச் செய்ய வேண்டும். கொடிமரங்கள் மூன்று கால் கொண்டவையாக மாற வேண்டும். பித்தளைக் கம்பியில் பற்றவைத்தால்தான் நேராக நிற்கும். இதெல்லாம் என்னால் முடியும்.

என்னால் முடியாதது ஒன்றுதான். கரையில் இறக்கும்போது அந்தக் கலசம் எப்படியும் தளத்தைக் கடந்துதான் வந்திருக்கும். அந்த நேரத்தைக் காட்ட நினைக்கிறேன். நீங்கள் செதுக்கிய மனிதர் இந்தக் கப்பலுக்குப் பொருந்த மாட்டார். 600இல் ஒரு பங்கில் அவர் மூன்று மீட்டர் உயரத்துக்கு நிற்பார். கலசம் அசலில் ஓர் அடி உயரம் இருந்திருக்கும் என்று வைத்தால், 0.5 மி.மீ. வருகிறது. வாயும் கழுத்தும் வயிறும் தெரிகிற மாதிரி அந்த அளவில் கடைந்தெடுக்க நான் முயன்று பார்த்தேன். கம்பி நுனி மழுங்கியதுதான் மிச்சம். அதற்கு உங்கள் கை வேண்டும். அதைச் சுமக்கும் கடற்படை வீரர்களையும், வெள்ளைச் சீருடையோடு, நீங்களே செய்தால் நல்லது.

உங்களை ஆறுதல்படுத்த இதைக் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மதுரையில் வேறு யாரும் இதைச் செய்ய முடியாது என்பதால் கேட்கிறேன். சம்மதம் என்றாலும் இல்லை என்றாலும் நீங்களே உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அத்தை வழியாக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எம்டனைத் தூக்கிக்கொண்டு ஹார்விபட்டிக்கு வருகிறேன். பின்கொடிமரம் அரை மில்லிமீட்டர் உயரம் கூடிவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. வெர்னியர் அளவுகோலை எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்