அடியில் இருப்பதையும் காட்டுங்கள்

காய்கறி, பழக் கடை நடத்துகிறவர்களுக்கும், பெரிய கடைகளில் அந்தப் பகுதியை அடுக்கி வைக்கிறவர்களுக்கும்,

வணக்கம். எங்கள் வீட்டில் வாரச் சாமான் வாங்குகிற வேலை என்னுடையது. பல வருஷமாகச் செய்வதால் கைப்பழக்கம் வந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் தக்காளியில் ஏமாந்தேன். மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டிய தட்டு, உள்ளே ஆறு தக்காளி, காம்புகூடப் பச்சை மாறாமல் இருந்தது. வீட்டுக்கு வந்து பிரித்தால், நடுவில் இருந்த ஒன்று அடியில் வெடித்துச் சாறு கசிந்து, பக்கத்தில் இருந்த இரண்டுக்கும் வெள்ளைப் பூஞ்சை தொற்றியிருந்தது. எடை அச்சிட்ட சீட்டு எங்கே ஒட்டியிருந்தது தெரியுமா? தட்டின் அடியில், சரியாக அந்த இடத்தில். வேண்டுமென்றே ஒட்டினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தட்டைத் திருப்பிப் பார்த்துத்தான் எடுத்தேன், பார்த்தும் தெரியவில்லை.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். கோபம் ஆறட்டும் என்று ஒரு வாரம் விட்டேன், முழுதாக ஆறவில்லை.

காய் வாங்கப் போகிற எல்லோருக்கும் எல்லோரும் சொல்லும் ஒரே புத்திமதி, "பார்த்து வாங்கு". சரி, பார்க்கிறோம். பீன்ஸை ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும், வளைந்து கொடுத்தால் பழசு. முட்டைக்கோஸைக் கையில் தூக்கினால் அதன் அளவுக்குக் கனமாக இருக்க வேண்டும். வெங்காயத்தின் கழுத்தை விரலால் அழுத்திப் பார்ப்பேன், அங்கே மெத்தென்று இருந்தால் உள்ளே அழுக ஆரம்பித்திருக்கும், வெளித்தோல் எவ்வளவு பளபளத்தாலும். கீரைக் கட்டில் இலையைவிடத் தண்டின் வெட்டு முனைதான் உண்மை பேசும். இதெல்லாம் கண்ணும் கையும் மூக்கும் சேர்ந்து செய்கிற வேலை. எல்லாவற்றையும் தாளுக்குள் அடைத்துவிட்டுப் பார்த்து வாங்கச் சொன்னால் எதைப் பார்ப்பது?

அப்புறம் அந்த வலைப் பைகள். ஆரஞ்சுக்கு ஆரஞ்சு நிற வலை, வெங்காயத்துக்குச் சிவப்பு வலை. மெல்லிய வண்ண இழைகளுக்குப் பின்னால் ஒரு பொருளைப் பார்த்தால் கண் இழையின் நிறத்தையும் பொருளின் நிறத்தையும் கலந்துவிடும், பாதிப் பச்சையாக இருக்கிற பழமும் நன்றாகப் பழுத்ததுபோலத் தெரியும். இறைச்சிப் பக்கத்தில் இளஞ்சிவப்பாக விளக்குப் போடுவதும் இதே ஜாதிதான், வீட்டு விளக்கில் அதே துண்டு வேறு ஆளாகிவிடுகிறது. அங்கே ஒரு சாதாரண வெள்ளை விளக்கு எரிந்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

விளக்கு என்றதும் உருளைக்கிழங்கு ஞாபகம் வருகிறது. நாள் முழுக்க, சில கடைகளில் ராத்திரியும், நேராக விளக்குக்குக் கீழே குவித்து வைத்திருக்கிறீர்கள். வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாகும். பச்சை நிறம் மட்டும் என்றால் பரவாயில்லை, கூடவே சொலனைன் என்ற நச்சுப்பொருளும் அதிகமாகிறது. அது கசக்கும், அதிகமாகப் போனால் வயிற்றைப் புரட்டும், வேகவைத்தாலும் போகாது. லேசாகப் பச்சையாக இருந்தால் அந்த இடத்தை ஆழமாகச் செதுக்கிவிட்டுச் சமைக்கலாம், நிறையப் பரவியிருந்தால் குப்பைதான். கடையை மூடும்போது மேலே ஒரு சாக்கைப் போர்த்துங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

தண்ணீர் தெளிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலைகள் ஈரத்தை இழந்துதான் வாடுகின்றன, அதனால் லேசாகத் தெளிப்பது நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டு முழுக்கச் சொட்டச் சொட்ட நனைத்துத் தராசில் வைத்தால் நான் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறேன். போதாததற்குக் கயிறு கட்டிய நடுப்பகுதி மறுநாளே குழைந்து போகிறது. அதனால்தான் எடை போடும் முன் கட்டை உதறுகிறேன். முகம் சுளிக்காதீர்கள்.

தேதி விஷயத்தில் உங்களிடம் எனக்குப் பெரிய வருத்தம். பொட்டலத்தில் இருப்பது பொட்டலம் கட்டிய தேதி, பறித்த தேதி இல்லை. ஆப்பிளைப் பிராணவாயு குறைத்த குளிர் கிடங்கில் பல மாதம் வைத்திருக்க முடியும், அதில் தப்பு எதுவும் இல்லை, நானும் வாங்கிச் சாப்பிடுகிறேன். அதன் மேலே "புத்தம் புதியது" என்று பலகை வைப்பதுதான் இடிக்கிறது. இன்னொன்று, "இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்" என்பது பாதுகாப்பு பற்றியது, "இந்தத் தேதி வரை சிறந்தது" என்பது தரம் பற்றியது. இரண்டையும் ஒரே பொடி எழுத்தில், ஒரே மூலையில் அச்சடிப்பதால், தரத் தேதி தாண்டிய நல்ல பொருளை ஒருவர் தூக்கி எறிகிறார், பாதுகாப்புத் தேதி தாண்டிய இறைச்சியை இன்னொருவர் மோந்து பார்த்துவிட்டுச் சமைக்கிறார்.

பழைய சரக்கை முன்னாலும் புதுசைப் பின்னாலும் அடுக்குவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் தோள் வரை கையை விட்டுப் பின்னாலிருந்து எடுப்போம் என்று உங்களுக்கும் தெரியும். இந்தக் கண்ணாமூச்சி எதற்கு? பழசைத் தனியாக ஒரு கூடையில் போட்டு விலையைக் குறைத்து, பழசு என்றே எழுதி வையுங்கள். இன்றைக்கே சூப் வைக்கப் போகிறவருக்கு அது போதும். நானே பாதி நாள் அந்தக் கூடையிலிருந்துதான் எடுப்பேன்.

இனி முக்கியமான குறை, அளவு. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022இல் உலகம் வீணாக்கிய உணவு சுமார் 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து. கடைகளின் பங்கு 12 சதவீதம்தான். படித்ததும் வெட்கமாக இருந்தது. பிறகு என் வீட்டுக் குப்பைக்கூடையில் ஒரு மாதம் என்ன போனது என்று குறித்து வைத்துப் பார்த்தேன். பை நிறைய வாங்கி அடியில் வழுவழுத்துப் போன கேரட், ஒன்றுக்கு ஒன்று இலவசமாக வந்த இரண்டாவது ஸ்ட்ராபெரி டப்பா, ஆளே இல்லாத வாரத்தில் முழுசாக வாங்க வேண்டியிருந்த பரங்கிக்காய். எதுவும் எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. அந்த அளவில்தான் கிடைத்தது. உங்கள் பின்கட்டில் அழுக வேண்டியது சலுகை விலையில் என் சமையலறைக்கு வந்து அழுகியது, கணக்கு என் பேரில் ஏறியது. தனித்தனியாக எடுக்க விடுங்கள். இரண்டு கேரட் கேட்கிறவரை அற்பமாகப் பார்க்காதீர்கள், அவர் இரண்டையும் சாப்பிடப் போகிறவர்.

வெட்டி வைத்த பழத்தைப் பற்றி ஒரே வார்த்தை, குளிரில் வையுங்கள். பாதியாக அறுத்த முலாம்பழத்தைத் தாள் சுற்றி வெறும் மேஜையில் அடுக்கியிருப்பதை இன்னும் பார்க்கிறேன். அறுத்த பிறகு அது பழைய பழம் இல்லை, 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டிய பண்டம்.

எங்கள் பக்கத்துத் தப்பும் இருக்கிறது, மறைக்கவில்லை. கட்டைவிரலால் தக்காளியை அமுக்கிவிட்டு வைத்துவிடுகிறோம், அந்தத் தழும்பு அடுத்தவர் வீட்டில் அழுகலாகிறது. சோளக்கதிரின் உறையை உரித்துப் பார்த்துவிட்டு வேறு கதிரை எடுக்கிறோம். உறைந்த பட்டாணியை எடுத்துப் பாதி வழியில் மனசு மாறி வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிற புண்ணியவான்களும் எங்களில்தான் இருக்கிறார்கள். வீட்டில் என்ன மிச்சம் என்று பார்க்காமல் பசியோடு கடைக்குள் நுழைகிற தப்பை நானே செய்கிறேன்.

கடைசியாக, சுவரில் அந்தப் "புத்தம் புதியது" பலகை இருக்கிற இடத்தில் உருப்படியாக நாலு வரி எழுதலாம். ஆப்பிள், வாழைப்பழம், பழுத்த தக்காளி எல்லாம் எத்திலீன் வாயுவை விடும், பக்கத்தில் வைத்த கீரையும் வெள்ளரிக்காயும் சீக்கிரம் மஞ்சளாகும். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போட வேண்டாம். தக்காளி பழுக்கும் வரை ஃபிரிட்ஜ் வேண்டாம், வாசனை போய்விடும். எழுதுவதற்கு முன்னால் உங்கள் மேஜையையும் ஒருமுறை பாருங்கள், ஆப்பிள் குவியலை ஒட்டியே வெள்ளரிக்காய் இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் பட்டியலோடு வருவேன். தக்காளி ஆறு வேண்டும், தட்டில் இல்லாமல்.

இப்படிக்கு,
கீரைக் கட்டை உதறுகிற அதே ஆள்