பத்மினிக்குப் பேர் எழுதுவது

செம்பூர், மும்பை

அன்புள்ள பாஸ்கர்,

உன் பிரீமியர் பத்மினி காரின் படங்கள் கிடைத்தன. டிக்கி மூடியில் பேர்ப்பலகை பாதியில் உடைந்திருக்கிறது, முன்பக்க வட்ட முத்திரையில் நிறம் எல்லாம் போயிருக்கிறது. இரண்டையும் வீட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் ஒரே முறையில் இரண்டையும் செய்ய நினைக்காதே. பேருக்குப் பித்தளை, முத்திரைக்கு ரெசின் (ஊற்றி இறுகவைக்கும் பிசின்).

பழையது ஏன் போனது என்று கேட்டிருந்தாய். அது துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே குரோம் ஏற்றியது. குரோமில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும். ஈரம் அதற்குள் இறங்கி அடியில் துத்தநாகத்தை அரிக்கும், மேலே கொப்புளம் கிளம்பும். அதைச் சுரண்டி மறுபடி முலாம் போட முலாம்காரர்களே தயங்குவார்கள். குழிகளைச் செம்பால் நிரப்பி இழைக்க ஆகும் கூலிக்குப் புதிதாகவே செய்துவிடலாம். முதலில் உங்கள் பெங்களூர் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பார். எம்பளம் என்று கேட்பதைவிட மோனோகிராம் என்று கேள், அதுதான் கடைக்காரர்கள் பேச்சு. இன்னொன்று: பத்மினி என்ற பேர் வந்தது 1974-இல். அதற்கு முன் அதே வண்டி பிரெசிடெண்ட், அதற்கும் முன் ஃபியட் 1100 டிலைட். உன் ஆர்.சி.யில் எந்த வருஷம் என்று பார்த்துக்கொண்டு பேரை வெட்டு. இந்த ஊரில் காலி-பீலி (கறுப்பு-மஞ்சள் டாக்ஸி) பத்மினி 2023 அக்டோபரோடு ஓய்ந்தது. இனி பழைய பாகம் தேடுகிறவர்கள் கூடத்தான் செய்வார்கள்.

உடைந்ததைக் கழற்றும்போது ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதே. பின்னால் ஊசிகள் இருக்கும், டிக்கி உள்பக்கம் ஸ்பிரிங் கிளிப் கடித்துப் பிடித்திருக்கும். கிளிப்பில் துரு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, உள்பக்கமிருந்து கிளிப்பை எடு. நெம்பினால் துத்தநாக ஊசி முறியும், பெயின்ட்டும் பெயரும். துண்டுகள் ஒன்றையும் தூக்கிப் போடாதே, எல்லாம் மாதிரிக்கு வேண்டும்.

வேலையில் பாதி படியெடுப்பதுதான். துண்டுகளைச் சேர்த்து வைத்து, மேலே மெல்லிய தாள் போட்டு, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய். போனில் எடுத்த படம் ஓரங்களில் வளையும். அப்படியும் படம்தான் வேண்டுமென்றால் இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து, பக்கத்தில் ஸ்கேலை வைத்து எடு. அச்சடிக்கும்போது தாளில் 100 மில்லிமீட்டர் கோடு ஒன்றையும் சேர்த்து அடித்து, அதை ஸ்கேலால் அளந்து பார். 97 வந்தால் பிரிண்டர் தாளுக்குப் பொருந்தச் சுருக்கிவிட்டது என்று அர்த்தம். பெயர்த்த இடத்தில் பழைய பெயின்ட்டில் நிழல் போல ஒரு தடம் இருக்கும். அதன் மேல் உன் படியை வைத்துப் பார்த்தால் பிசகு உடனே தெரியும். துளைகளின் இடத்தை அளவுநாடாவால் எடுக்காதே. படியை மூடியின் மேல் ஒட்டி, உள்பக்கமிருந்து துளை வழியாக ஊசியால் குத்து. தாளில் விழும் குத்துதான் சரியான இடம்.

பேருக்கு 2 மில்லிமீட்டர் பித்தளைத் தகடு வாங்கு. இங்கே குலால்வாடியில் துண்டுத் தகட்டை எடை போட்டுக் கொடுப்பார்கள், அங்கேயும் பழைய உலோகக் கடையில் கிடைக்கும். ஏன் அலுமினியம் வேண்டாம் என்பாய். அறுக்க லேசுதான், மெருகும் ஏறும், ஆனால் சாதாரண ஈயப் பற்று அதில் ஒட்டாது. பின்பக்கம் திருகு வைக்க முடியாமல் டேப்பை நம்ப வேண்டிவரும். மெருகேற்றிய அலுமினியத்தின் மேல் அடித்த கிளியர் கோட்டும் (நிறமில்லாத மேல்பூச்சு) சீக்கிரமே தோலாக உரியும்.

அறுப்பதற்குத் தங்கவேலை ஆசாரிகளின் வில் ரம்பம், 2/0 பிளேடு. தகட்டின் கனத்துக்குள் குறைந்தது மூன்று பல்லாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் கொக்கி போல மாட்டி ஒடியும். பல் நுனி கைப்பிடியைப் பார்த்து இருக்கட்டும், கீழே இழுக்கும்போதுதான் வெட்டும். பிளேடை மீட்டினால் தந்தி போல ஒலிக்கும் அளவுக்கு இறுக்கு, அவ்வப்போது மெழுகுவர்த்தியில் தேய். எழுத்துக்குள் இருக்கும் கண்களுக்கு (சுற்றி மூடிய ஓட்டைகளுக்கு) முதலில் 1 மில்லிமீட்டர் துளை போட்டு, பிளேடை அதற்குள் நுழைத்து மாட்டி அறு. உள்கண்களை முதலில் அறு, வெளிக்கோட்டைக் கடைசியில். வெளியே வெட்டிவிட்டால் பிடித்துக்கொள்ள இடம் இருக்காது, எழுத்துகளுக்கு நடுவே உள்ள கழுத்து வளையும். கோட்டுக்கு வெளியே அரை மில்லிமீட்டர் விட்டு அறுத்து, மிச்சத்தை ஊசி அரத்தால் எடு. மேல் ஓரங்களைச் சரிவாக அராவு. இந்தச் சரிவு இல்லாவிட்டால் தகட்டை வெட்டி ஒட்டியது போலவே தெரியும்.

பின்பக்கத் திருகுக்கு 3 மில்லிமீட்டர் பித்தளை ஸ்க்ரூ, 15 மில்லிமீட்டர் நீளம். தலையை எழுத்தின் அகலத்துக்குள் அடங்கும்படி அராவி, அந்தத் தலையையே தகட்டில் ஈயப் பற்று வை. தலையை முழுக்க வெட்டிவிட்டு வெறும் தண்டை வைத்தால் ஒட்டும் பரப்பு போதாது, நட்டை முறுக்கும்போது பெயரும். பற்று வைக்கத் தடவிய ஃபிளக்ஸை வெந்நீரில் பிரஷ் போட்டுக் கழுவு. அது மிச்சமிருந்தால் முலாம் கொப்புளிக்கும்.

பிறகு 320, 400, 600, 1000 என்று நம்பர் வாரியாக வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்). ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்கே மாற்றினால் முந்தைய கீறல் போனதா என்று தெரியும். குரோம் கீறலை மறைக்காது, ஊர் அறியக் காட்டும். பளபளப்பு எல்லாம் அடியில் உள்ள நிக்கலும் நீ போட்ட மெருகும்தான், குரோம் என்பது மேலே ஒரு மெல்லிய படலம். முலாமை வீட்டில் முயற்சி செய்யாதே, குரோமிக் அமிலம் விஷம். பீன்யா தொழிற்பேட்டையில் ஏதாவது பட்டறையில் மற்ற சாமான்களோடு சேர்த்துப் போடச் சொல். ஈயப் பற்று இருக்கிறது, முதலில் செம்புப் பூச்சு வேண்டும் என்று சொல்லிக் கொடு. திருகுப் புரிகளை டேப் சுற்றி மறைக்கச் சொல், முலாம் ஏறினால் நட்டு நுழையாது.

கடையில் ‘குரோம்’ என்று விற்கும் ஸ்ப்ரே டப்பாவை வாங்காதே என்று சொல்ல மாட்டேன், அது எங்கே தோற்கும் என்று தெரிந்துகொண்டு வாங்கு. பளபளப்பான கறுப்பின் மேல், அது முழுக்கக் காய்ந்த பிறகு மெல்லிசாக அடித்தால் கண்ணாடி போலத்தான் இருக்கும். விரல் பட்டாலே மங்கும். காப்பாற்றலாம் என்று கிளியர் அடித்தால் வெறும் சில்வர் பெயின்ட் ஆகிவிடும்.

முன் முத்திரை: யாரிடமாவது நல்லதாக ஒன்றை இரண்டு நாள் இரவல் வாங்க முடிந்தால் சிலிக்கான் அச்சு எடுக்கலாம். சன்மைக்காத் துண்டின் மேல் வை (கண்ணாடி வேண்டாம், சிலிக்கான் அதில் பிடித்துக்கொள்ளும்). அடியில் களிமண்ணால் இடைவெளி அடை, சுற்றி ஒரு சென்டிமீட்டர் விட்டுச் சுவர் எழுப்பு. 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள முத்திரை என்றால் பெட்டி 80-க்கு 80, உயரம் 15. கிட்டத்தட்ட 100 மில்லிலிட்டர் வருகிறது, 150 கிராம் சிலிக்கான் போதும். சிலிக்கானை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட், டப்பாவில் போட்ட விகிதப்படிதான், நகைத் தராசில் நிறு. முதலில் பிரஷ்ஷால் ஒரு பூச்சு பூசி, மிச்சத்தை ஒரு மூலையிலிருந்து நூல் போல ஊற்று. குமிழி அப்படித்தான் தப்பும்.

அச்சுக்குள் அலுமினியப் பொடியைப் பிரஷ்ஷால் தூவி, அதன் மேல் எபாக்ஸி ரெசின் ஊற்று. முத்திரைக்கு 10 கிராம்தான் ஆகும், ஆனாலும் 20 கிராமாவது கலந்துகொள். குறைவாகக் கலந்தால் தராசின் சின்னப் பிழைகூடப் பெரிதாகி, ரெசின் கடைசிவரை பிசுபிசுக்கும். ரெசின் ஊற்றும்போதே ஐஸ்கிரீம் குச்சியில் துளையிட்டு, ஸ்க்ரூக்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டு ரெசினில் முக்கி வை. காய்ந்த பின் மிக மெல்லிய ஸ்டீல் வூல் (எஃகு நார்) கொண்டு தேய்த்தால் உலோகம் எழும்பும். மழைக்காலத்தில் ஊற்றினால் மேலே எண்ணெய் போல ஒரு படலம் வரும். அதைச் சோப்பு வெந்நீரில் கழுவாமல் பெயின்ட் அடித்தால் உரியும். பாலியெஸ்டர் ரெசின் மலிவு என்று அதை வாங்கினால் ஒன்று நினைவில் வை: கோபால்ட்டையும் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் மற்றது.

முப்பரிமாண அச்சில் எடுத்துத் தர ஆள் இருக்கிறான் என்றாயே. பி.எல்.ஏ. பிளாஸ்டிக் வேண்டாம், 60 டிகிரியை ஒட்டி இளகிவிடும், வெயிலில் நிற்கும் பானட் அதைத் தாண்டும். வெயில் தாங்கும் ஏ.எஸ்.ஏ. பிளாஸ்டிக் கேள்.

நிறத்துக்கு எனாமல், இன்சுலின் ஊசி முனையில் பள்ளத்துக்குள் விடு. மேட்டில் வழிந்ததை, மரக்கட்டையில் இறுக்கிச் சுற்றிய துணியைத் தின்னரில் லேசாக நனைத்துத் துடை. கட்டை இல்லாமல் விரலில் துணியைச் சுற்றித் துடைத்தால் துணி பள்ளத்துக்குள் இறங்கி நிறத்தையும் எடுத்துவிடும்.

மாட்டுவதற்கு முன் பழைய துளைகளின் ஓரத் துருவைச் சுரண்டி பிரைமர் தொடு. பித்தளைக்கும் இரும்புக்கும் நடுவே மெல்லிய ரப்பர் வை, நேராகத் தொட்டால் இரும்பு துருப்பிடிக்கும். துளையை அடைக்க சிலிக்கான் சீலண்ட் போடும்போது வினிகர் வாடை அடிப்பதை வாங்காதே, அந்த அமிலமே இரும்பை அரிக்கும். ‘நியூட்ரல்’ என்று போட்டது வேண்டும். நட்டுக்கு அடியில் நைலான் வாஷர். விரலால் இறுக்கிய பின் கால் சுற்று, அவ்வளவுதான்.

பென்சில் படியை எடுத்ததும், துளைக் குத்துகளோடு ஒரு பிரதி எனக்கும் அனுப்பு. தகட்டை வெட்டுமுன் ஒரு தடவை அட்டையில் வெட்டி மூடியில் மாட்டிப் பார்.

உன்,
ரவி